ஏரிகளுக்கு நடுவே தாம்பரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் புதிதாகக் குடிவருபவர்களும் மனை தேடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள் உள்ளன. பள்ளிக்கூடம், மார்க்கெட், வாடகை நிலவரம் எல்லாம் எந்தத் தரகரிடமும் கிடைக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

தாம்பரம் என்று சொன்னால் எதுவரை?

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. பரப்பு 87.64 சதுர கிலோமீட்டர், 70 வார்டுகள், ஐந்து மண்டலங்கள். மாவட்டம் செங்கல்பட்டு.

தாம்பரத்தின் பெயரோடு பேசப்பட்டாலும் முடிச்சூர், வேங்கைவாசல், நன்மங்கலம் போன்றவை மாநகராட்சிக்கு வெளியே தனி ஊராட்சிகள். வரதராஜபுரமும் அப்படித்தான். விளம்பரத்தில் "தாம்பரம் அருகில்" என்று இருந்தால், வரி யாரிடம் கட்டுவது, கட்டட அனுமதி யார் தருவது, கால்வாயை யார் தூர்வாருவது என்ற மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். ஒரு தெரு தள்ளினால் மூன்றுக்கும் விடை மாறிவிடும்.

இங்கே இத்தனை ஏரிகள் எப்படி வந்தன?

செங்கல்பட்டுச் சீமையே ஏரிகளின் சீமை. காவிரி போல ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இங்கே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களில் கொட்டுவதை ஆண்டு முழுதுக்கும் பிடித்து வைத்தால்தான் நெல் விளையும். ஆகவே சரிவான நிலத்தில் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். ஒன்று நிரம்பி வழிந்தால் கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகும்படி வரிசையாக அமைத்தார்கள். பக்கத்துப் பகுதியான உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருக்கிறது. ஏரியைப் பராமரிப்பது அன்றைக்கே ஊர் நிர்வாகத்தின் வேலை.

ஊர்ப் பெயர்களிலும் இது தெரியும். கடப்பேரி என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது. தாங்கல் என்றால் சிறிய நீர்த்தேக்கம். புதுத்தாங்கல் போன்ற பெயரைக் கேட்டால் பக்கத்தில் தண்ணீர் நின்ற இடம் எது என்று தேடுவது நல்லது. திருநீர்மலைக்குப் பெயர் வந்த கதை இன்னும் தெளிவானது. திருமங்கையாழ்வார் தரிசிக்க வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாகவும், அது வடிய ஆறு மாதம் காத்திருந்து பாடியதாகவும் தலபுராணம் சொல்கிறது. அடையாற்றங்கரையில் அந்த மலை நிற்கும் இடத்தைப் பார்த்தால் கதை வியப்பாக இருக்காது.

என்னென்ன ஏரிகள்? தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது?

பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. இரண்டு வடிகால்களாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

கிழக்கு வரிசையின் நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. பச்சைமலைப் பக்கத்து மழை சிட்லபாக்கம் ஏரிக்கு வரும். சிட்லபாக்கத்தின் உபரியும் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து உபரியும் செம்பாக்கம் ஏரியை நோக்கி வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கடல். இந்தப் பாதையில் எங்கே அடைப்பு விழுந்தாலும் அதற்கு மேலே இருக்கிற எல்லா ஊருக்கும் தண்ணீர் பின்வாங்கும். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு குப்பைமேடு வளர்ந்தால் செம்பாக்கத்துக்காரருக்கு என்ன என்று கேட்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மேற்கு வரிசையின் நீர் அடையாற்றுக்குப் போகிறது. பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கத்து நீரும், திருநீர்மலைப் பக்கத்து நீரும் இதில் சேரும். ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரை வாங்கிக்கொள்கிறது. செம்பரம்பாக்கம் திறந்தால் முடிச்சூர் மூழ்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முடிச்சூர் அந்தச் சங்கமத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே முதலில் வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் வெள்ளம். ஆகவே முடிச்சூர்க்காரர்கள் செம்பரம்பாக்கத்தின் மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்து போவார்கள்.

மதகு, கலங்கல், உள்வாய் என்கிறார்களே, அவை என்ன?

கரை என்பது நீரைத் தடுக்கும் மண் அணை. அது எப்போதும் ஏரியின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். மதகு, கரைக்கு அடியில் பாசனத்துக்கு நீர் விடும் கதவு. அந்த நீரில் விளையும் வயல் ஆயக்கட்டு. கலங்கல், ஏரி நிரம்பியதும் உபரி வழிந்து போகக் கட்டிய தாழ்வான கல்சுவர். அதன் உச்சிதான் முழு நீர்மட்டம். வழிந்த நீர் போவது போக்குக் கால்வாய், மழைநீர் ஏரிக்குள் வருவது வரத்துக் கால்வாய். கரைக்கு எதிர்ப்புறம், நிலம் மெல்ல ஏறிப்போகும் ஆழமில்லாத விளிம்பு உள்வாய். கோடையில் அது காய்ந்து மைதானம் போல் கிடக்கும். ஆக்கிரமிப்பு பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான்.

ஏரி நிரம்பவே இல்லை, தெருவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர். எப்படி?

வரத்துக் கால்வாய் அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். ஏரிக்குப் போக வேண்டிய நீர் வழி தெரியாமல் தெருவில் நிற்கிறது. இங்கே அடிக்கடி காணும் காரணங்கள் இவை.

சாலை மட்டம் ஏறியிருக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால் ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயரும். நான்கு முறை போட்டால் ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப்போன வீட்டுக்கு இப்போது இறங்கிப் போக வேண்டியிருக்கும். அடுத்தது ஏரியைச் சுற்றி எழுப்பும் நடைபாதைச் சுவர். அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன்பு பரவலாக ஏரிக்குள் வழிந்த மழைநீரை அது வெளியிலேயே நிறுத்திவிடும். சுவரில் எத்தனை திறப்புகள் விட்டிருக்கிறார்கள், அவை தெருவின் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது, சிறுபாலங்கள். 10 அடி அகலக் கால்வாய் சாலையைக் கடக்கும் இடத்தில் இரண்டு சிறிய குழாய்களுக்குள் நுழைந்தால், ஒரு மெத்தையும் ஒரு மூட்டை பிளாஸ்டிக்கும் போதும், மேலே உள்ள நகர் முழுவதும் தேங்கிவிடும்.

பெரிய அளவிலும் இதே கதைதான். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை பல்லாவரம் பெரிய ஏரி, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒரே ஏரியாக இருந்தது இரண்டு துண்டானால், இரண்டுக்கும் நடுவே எத்தனை அகலமான வழி விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது மழைக்காலத்தில் வேலை செய்யும்.

2015 டிசம்பரில் அப்படி என்ன நடந்தது?

டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த எண்ணைக் கற்பனை செய்ய ஒரு கணக்கு. இன்றைய மாநகராட்சிப் பரப்பு 87.64 சதுர கிலோமீட்டர் முழுவதும் அதே அளவு பெய்ததாக வைத்துக்கொண்டால், விழுந்த நீர் ஏறத்தாழ 1.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே நாளில் நம் கூரைகளிலும் தெருக்களிலும் விழுந்தது. நவம்பர் மழையில் ஏரிகள் முன்பே நிரம்பியிருந்தன, மண்ணும் ஊறியிருந்தது. கலங்கல் வழியே போக வேண்டிய நீருக்குப் போக்குக் கால்வாய் குறுகிக் கிடந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளின் தரைத்தளம் முழுக்க மூழ்கியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தாழ்வான அதே இடங்களில் தண்ணீர் தேங்கியது. தண்ணீருக்கு இடம் மாறத் தெரியாது. ஒருமுறை நின்ற இடத்தில் மறுமுறையும் நிற்கும்.

ஏரிப் பக்கம் மனை வாங்கலாமா? எந்தப் பக்கம் பரவாயில்லை?

"லேக் வியூ" என்பது ஏரியின் எந்தப் பக்கத்தையும் குறிக்கலாம். ஆபத்து பக்கத்துக்குப் பக்கம் வேறு.

கரைக்குக் கீழே, அதாவது பழைய ஆயக்கட்டில் இருக்கும் நகர்கள்: இங்கே தரை மட்டமே ஏரியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். சாதாரண மழையில் தெருநீர் வெளியேற வழி தேடும். கரை உடைந்தால் நேரம் கிடைக்காது. வயலில் கட்டிய வீடு என்பதால் அடியில் களிமண். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, சுவரில் சாய்வான விரிசல் விழும். அஸ்திவாரத்தை மண் பரிசோதனை செய்துதான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போட்டதையே போடுகிறேன் என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உள்வாய்ப் பக்கம்: பத்து ஆண்டு மழை குறைந்தால் ஒன்றும் தெரியாது. ஏரி கலங்கல் மட்டத்துக்கு நிரம்பும் ஆண்டில் வீட்டுக்குள் வரும், வந்த நீர் ஏரி வடியும் வரை நிற்கும். கலங்கலை ஒரு அடி உயர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழும்போது, தாழ்த்தச் சொல்லிச் சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவர்கள். இரு தரப்புக்கும் நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஏரி அங்கே முன்பே இருந்தது.

போக்குக் கால்வாய் ஓரம்: இருப்பதிலேயே மோசம். வெள்ளம் வேகமாக வரும், மண்ணை அரிக்கும்.

இந்த மூன்றையும் விட்டு விலகிய மேட்டு நிலம் இந்த ஊரில் நிறையவே இருக்கிறது. சில நூறு மீட்டர் தள்ளி வாங்கிவிட்டு, மாலையில் நடந்து வந்து ஏரியைப் பார்ப்பது நல்ல ஏற்பாடு.

வாங்கும் முன் எந்தெந்த ஆவணங்களைப் பார்ப்பது?

பலர் வில்லங்கச் சான்றோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பதிவான பரிமாற்றங்களை மட்டும் காட்டும். நிலம் ஏரியா வயலா என்று சொல்லாது. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும்கூட அப்படித்தான். அவை இருப்பதால் புறம்போக்கு நிலம் உங்களுடையது ஆகாது.

முதலில் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் வாங்குங்கள். அரசின் இணையவழிச் சேவையில் பட்டாவையும், நிலம் என்ன வகை என்று சொல்லும் "அ" பதிவேட்டையும் எடுங்கள். பதிவேட்டில் ஏரி, வாய்க்கால், ஓடை, புறம்போக்கு என்று எந்தச் சொல் இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். நஞ்சை என்று இருந்தால் அது ஒரு காலத்தில் ஏரிப்பாசன வயல். வாங்கக் கூடாது என்பதில்லை, ஆனால் தாழ்ந்த நிலம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. பிறகு சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் பழைய கிராம வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து, மனையை ஒட்டியோ குறுக்கேயோ வாய்க்கால் கோடு போகிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் வாய்க்கால் இருந்து, நேரில் அங்கே தார்ச்சாலை இருந்தால், மழையில் அந்தச் சாலை மறுபடி வாய்க்காலாகும். நகர நில அளவை முடிந்த பகுதிகளில் எண்கள் மாறியிருக்கும். பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் பொருத்தம் பார்க்காமல் விட்டால் வேறொரு நிலத்தின் சுத்தமான ஆவணத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவீர்கள்.

ஆவணம் சரியாக இருந்தும் தண்ணீர் வரலாம். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திருப்பி, டிசம்பர், ஜனவரி மாதப் படங்களை மட்டும் பாருங்கள். கோடைப் படம் பொய் சொல்லும். பிறகு நேரில் போய், 2015-ல் எதுவரை தண்ணீர் வந்தது என்று பத்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களிடம் கேளுங்கள். விற்பவர் அருகில் இல்லாதபோது கேளுங்கள். சுவரில் கறைக்கோடு, உயர்த்தி மாட்டிய மின் மீட்டர், வாசலில் செங்கல் தடுப்பு, இவை தாமாகவே பேசும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்து அந்தக் கறைக்கோட்டின் மட்டத்தை உங்கள் மனைக்குக் கடத்துங்கள். வீட்டுத் தளம் அதற்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி இருக்கட்டும்.

கிணற்றிலும் போரிலும் தண்ணீர் எப்படி?

தெருவுக்குத் தெரு மாறும். அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடினப் பாறை. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் இது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருப்பதும் இதே வகைக் கல், அவர் பெயரையே பாறைக்கும் வைத்தார்கள். இந்தப் பாறைக்குள் மணலில் இருப்பதுபோல் நீர் பரவி இருக்காது. மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் இருக்கும். அதனால்தான் ஒரு வீட்டில் நல்ல ஊற்று, பக்கத்து வீட்டில் வெறும் கல்தூள். ஆழம் கூட்டினால் தண்ணீர் கூடும் என்ற உத்தரவாதம் இங்கே இல்லை.

ஏரி நிரம்பிய ஆண்டில் சுற்றுவட்டாரத் திறந்த கிணறுகளில் மட்டம் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாடம்பாக்கம் ஏரியில் உள்ள கிணறுகளிலிருந்து குடிநீரே எடுத்து விநியோகித்திருக்கிறார்கள். பாலாற்று நீரும் இந்த ஊருக்கு நீண்ட காலமாக வருகிறது. ஒரு ஏரியின் மதிப்பைக் கணக்கிட எளிய வழி உண்டு. 100 ஏக்கர் ஏரியில் ஒரே ஒரு அடி நீர் உயர்ந்தால் 12.3 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 10,000 நடைக்கு மேல்.

வீட்டில் மழைநீர் சேமிப்பு இருக்கிறதா என்று குழாய் இருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,300 லிட்டர் விழும். ஆண்டுக்கு 1,400 மி.மீ. என்று வைத்து, வீணாவதைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர். அதைத் திறந்த கிணற்றிலோ உறிஞ்சு குழியிலோ இறக்குங்கள். நேராக போருக்குள் விடாதீர்கள், மாடித் தூசியும் பறவை எச்சமும் பாறை வெடிப்புகளை அடைக்கும். முன்னால் கூழாங்கல், மணல் அடுக்கிய வடிகட்டித் தொட்டி வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பரில் அந்த மணலை எடுத்துக் கழுவ வேண்டும். கழுவாத வடிகட்டி இரண்டு மூன்று ஆண்டில் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும்.

ஏரி பச்சைக் கம்பளம் போல் மூடிக்கிடக்கிறது. அது நல்லதா?

இல்லை. அது ஆகாயத்தாமரை. கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்கு உரம். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளின் கழிவு மழைநீர் வடிகாலில் விழுந்து ஏரிக்கு வருகிறது. ஆகாயத்தாமரை வெயிலையும் காற்றையும் தடுக்க, நீருக்குள் ஆக்சிஜன் குறையும். கொசு பெருகும். இயந்திரம் வைத்து அள்ளினால் சில மாதத்தில் மறுபடி மூடும், கழிவு வரும் வழி திறந்தே இருப்பதால். அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைத்தால் அழுகி, அந்த உரம் முழுதும் திரும்ப ஏரிக்கே போகும்.

கொத்துக் கொத்தாக மீன் செத்து மிதந்தால், உடனே யாரோ விஷம் கலந்தார்கள் என்று பேச்சு எழும். அப்படியும் நடக்கலாம். ஆனால் கழிவுநீர் கலந்த ஏரியில் இன்னொரு காரணமும் உண்டு. பாசி இரவு முழுவதும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் முன் அளவு மிகக் குறைந்திருக்கும். கோடைக்குப் பின் முதல் மழை வடிகாலில் தேங்கிய கழிவை அடித்துக்கொண்டு வரும்போது, மிச்சமும் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிப்பதைப் பார்க்கலாம். செத்த மீனை எடுத்துச் சமைக்காதீர்கள், விற்கவும் விடாதீர்கள்.

தூர்வாரிவிட்டால் ஏரி சரியாகிவிடுமா?

தூர்வாருதல் பாதி வேலை. வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் சரியில்லாமல் ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால் கழிவுநீர்த் தொட்டியின் கொள்ளளவு கூடும், அவ்வளவுதான். செய்யும் முறையிலும் தவறுகள் நடக்கின்றன. மண் எளிதாகக் கிடைக்கிறதென்று கரைக்கு ஒட்டியே தோண்டினால் கரையின் அடி பலவீனமாகிச் சரியும். ஏரி முழுவதையும் ஒரே ஆழத்தில், செங்குத்து ஓரத்தோடு தோண்டினால் கணுக்கால் அளவு நீரில் மேயும் உள்ளானுக்கும் நாரைக்கும் இடம் போய்விடும். சேற்று விளிம்பு அசிங்கம் என்று நினைப்பவர்கள் அங்கே காலை ஏழு மணிக்கு ஒருமுறை நிற்க வேண்டும்.

நல்ல எடுத்துக்காட்டு செம்பாக்கம் ஏரி. சுமார் 100 ஏக்கர். நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து அதைச் சீரமைத்தன. தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தியதோடு, வரும் கழிவுநீரைத் தாவரங்கள் வழியே சுத்திகரிக்கும் செயற்கை ஈரநிலத்தையும் திட்டத்தில் வைத்தார்கள். அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். சிட்லபாக்கத்தில் 2019-ல் ஊர்மக்கள் தாங்களே இறங்கித் தூர்வாரத் தொடங்கினார்கள், பிறகு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. மக்கள் முதலில் மண்வெட்டி எடுத்ததால்தான் அந்தப் பணம் வந்தது என்றே சொல்ல வேண்டும். இப்படிச் சீரமைத்த ஏரியையும் ஆண்டுதோறும் பராமரிக்காவிட்டால் மூன்றாவது மழைக்குப் பழைய நிலைக்குத் திரும்பும்.

கனமழை எச்சரிக்கை வந்தால் வீட்டில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை இரண்டு. தரைத்தளக் கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வ் பொருத்துங்கள். வெள்ளத்தில் டேங்க் நிரம்பினால் கழிவு வீட்டுக்குள் திரும்பி வருவது இந்த வழியாகத்தான். சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் சுற்றிலும் செங்கல் கட்டி, 2015 மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள்.

எச்சரிக்கை வந்த அன்று சம்பையும் மாடித் தொட்டியையும் முழுக்க நிரப்புங்கள். சம்பை நிரப்புவது குடிநீருக்காக மட்டுமில்லை. காலியாக உள்ள சம்பை நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளி விரிசல் விடச் செய்யும். தண்ணீர் வாசலைத் தொட்டால் மெயின் சுவிட்சை அணையுங்கள், நனைந்த கையோடு தொடாதீர்கள். ஏரிக்கரையோரத் தெருக்களில் பாம்புகள் மேடு தேடி வீட்டுக்குள் வரும். படிக்கட்டின் அடியையும் ஷூ அலமாரியையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அறை 1070.

நீர் வடிந்த பிறகு சம்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பி பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். நல்ல தரமான பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், நீர் கலங்கியிருந்தால் 4 கிராம். வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, மேல் நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். வட்டக் கிணற்றில் எத்தனை லிட்டர் என்று அறிய, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்குங்கள். அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் 12,560 லிட்டர், 32 முதல் 50 கிராம் பவுடர். பாக்கெட் பிரித்து ஓராண்டு ஆன பவுடரில் வீரியம் இருக்காது. குடிக்கும் நீரைச் சில வாரம் காய்ச்சியே குடியுங்கள்.

கரையில் தண்ணீர் கசிகிறது. பயப்பட வேண்டுமா?

கசியும் நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் கண்காணிக்க வேண்டும், அவ்வளவுதான். மண்கரையில் கொஞ்சம் கசிவது இயல்பு. கலங்கலாக, மண்ணோடு வந்தால் கரையின் உள்ளே குழாய்போல் துளை விழுகிறது, சில மணி நேரத்தில் உடையலாம். உடனே 1077-க்குச் சொல்லுங்கள், கீழே உள்ள தெருக்களுக்கும் சொல்லுங்கள். கசியும் வாயை மண்மூட்டையால் அடைக்காதீர்கள், நீர் வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் வளையமாக மூட்டை அடுக்கி உள்ளே நீர் ஏற விட்டால் அழுத்தம் குறையும்.

நண்டு, பெருச்சாளி வளைகளும், பட்டுப்போன மரத்தின் வேர் அழுகிய துளைகளும்தான் இதற்குப் பெரும்பாலும் தொடக்கம். இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் விட முடியாது. உள்வாய்ப் பக்கத்தில் நீர் ஏறுகிறதென்று இரவில் கரையையோ கலங்கலையோ வெட்டிவிடுபவர்கள் உண்டு. ஒரு அடி அகலத்தில் வெட்டியது விடிவதற்குள் முப்பது அடியாகிவிடும். கீழே தூங்குபவர்கள் மனிதர்கள்.

ஏரிகளில் என்ன பறவைகள் வரும்? எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஆறரை முதல் எட்டரை. நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் பார்க்கலாம். வெயில் முதுகில் விழும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். பள்ளிக்கரணையில் இன்னும் அதிகம். நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிகளில் கொம்பன் ஆந்தை இருக்கிறது, வனத்துறை அனுமதியோடு போகலாம்.

ஏரியைத் தவிர ஊரில் என்ன இருக்கிறது?

மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில், யானையின் முதுகுபோல் வளைந்த கருவறை விமானத்தோடு. திருநீர்மலையில் நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களில் பெருமாள். 1937-ல் இங்கே வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காடு. 1928-ல் காசநோய் மருத்துவமனையாகத் தொடங்கிய சானடோரியம், அதன் பெயரிலேயே ரயில் நிலையம். 1931-லேயே மின்சார ரயில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடியது. 1863-ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்.

ஆக்கிரமிப்பையும் கழிவுநீரையும் யாரிடம் புகார் செய்வது?

பொறுப்பு ஒரே இடத்தில் இல்லை. பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் இருந்த பெரிய ஏரிகள் வழக்கமாக நீர்வளத்துறையிடம், சிறியவை உள்ளாட்சியிடம். சில ஏரிகள் கைமாறியிருக்கின்றன. ஆகவே முதல் வேலை, உங்கள் ஏரி யாருடையது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். ஏரியின் சர்வே எண்கள், பதிவேட்டில் உள்ள பரப்பு, கடைசியாக அளந்த தேதி, அளந்தபோது கண்ட பரப்பு என்று நான்கு கேள்விகளாக எழுதுங்கள். "ஏரியை ஏன் காப்பாற்றவில்லை" என்று கேட்டால் பதில் வராது.

நீர்வளத்துறை ஏரி என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிட்டு, துறைப் பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் ஒரே மனுவின் நகலை அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கழிவுநீர், குப்பை மாநகராட்சி வேலை. எல்லா மனுவிலும் சர்வே எண், தேதியோடு படம், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கட்டும். லாரி வந்து மண் கொட்டும்போதே புகார் கொடுங்கள், சுவர் எழும்பிய பிறகு அது வழக்காகிவிடும். அகற்றப்படும் குடும்பங்களில் பலர் யாரோ விற்றதை நம்பிக் காசு கொடுத்த ஏழைகள். அவர்களுக்கு மாற்று இடம் கேட்டு ஒரு வரியையும் அதே மனுவில் சேருங்கள்.